டெல்லி - சான் பிரான்சிஸ்கோ: 1,400 கி.மீ கூடுதலாகப் பறந்தும் 2 மணி நேரம் மிச்சமானது எப்படி? விமானப் பாதையை முடிவு செய்வது யார்?

டெல்லியில் இருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம்? கூகுளில் தட்டினால் சுமார் 12,400 கிலோமீட்டர் என்று ஒரு எண் வரும். பயணிகள் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 14 மணி நேரத்துக்கும் குறைவாகவே போய்விடலாம் போலத் தெரியும்.

ஆனால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஒரே ரக விமானம் என்றாலும் சில காலத்தில் பதினான்கரை மணி நேரம், சில காலத்தில் பதினாறு, பதினேழு மணி நேரம். அதைவிட ஆச்சரியம், 2016-இல் இதே தடத்தில் ஏர் இந்தியா நிறுவனம் 1,400 கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தது. பயண நேரம் கூடவில்லை. கிட்டத்தட்ட 2 மணி நேரம் குறைந்தது!

தூரம் கூடினால் நேரமும் கூட வேண்டும் என்பதுதானே நாம் படித்த கணக்கு? அது இங்கே ஏன் பொய்த்துப் போகிறது? விமானம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை உண்மையில் முடிவு செய்வது யார்? விரிவாகப் பார்ப்போம்.

வரைபடத்தில் தெரியும் நேர்கோடு நேர்கோடு அல்ல

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் கடல் வழியாகவோ, சீனா, பசிபிக் கடல் வழியாகவோ போகும். இரண்டுமே குறுக்கு வழி கிடையாது.

ஒரு தர்பூசணியை எடுத்து, அதன் மேல் இரண்டு இடங்களில் குண்டூசி குத்தி, நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் எந்த வழியாகப் போகிறதோ, அதுதான் உருண்டையின் மேல் உள்ள மிகக் குறுகிய பாதை. இதைத் தமிழில் 'பெருவட்டப் பாதை' என்பார்கள். டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அப்படி நூல் கட்டினால் அது கிழக்கிலும் போகாது, மேற்கிலும் போகாது. ஏறக்குறைய நேர் வடக்கே கிளம்பும். இமயமலை, திபெத், சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் பெருங்கடலின் ஓரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கும்.

நம் கண்ணுக்கு இது சுற்றுவழியாகத் தெரிவதற்குக் காரணம் வரைபடம்தான். நாம் அதிகம் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடம் 1569-இல் கடல் பயணிகளுக்காக உருவானது. அதில் துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பு பெரிதாகிக்கொண்டே போகும். அதனால்தான் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவு போலத் தெரிகின்றன. உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது.

கூகுள் சொல்லும் 12,400 கி.மீ என்பது இந்த நூல் கணக்குதான். விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே பறந்துவிட முடியுமா என்றால், முடியாது. முதல் தடை கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடுகிறது.

திபெத் மேல் ஏன் பறப்பதில்லை?

பயணிகள் விமானங்கள் 35 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கின்றன. எவரெஸ்ட்டே 29 ஆயிரம் அடிதான். அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றலாம்.

பிரச்சினை பறப்பதில் இல்லை, அவசரமாக இறங்குவதில். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் தலைக்கு மேல் இருந்து ஆக்சிஜன் மாஸ்க் விழும். பெரும்பாலான விமானங்களில் அந்த ஆக்சிஜன் கால் மணி நேரம் போலத்தான் வரும். அதற்குள் விமானி 10 ஆயிரம் அடிக்கு இறக்கிவிட வேண்டும். அந்த உயரத்தில் மாஸ்க் இல்லாமலே மூச்சு விடலாம்.

ஆனால் திபெத் பீடபூமியின் சராசரி உயரமே சுமார் 4,500 மீட்டர். அதாவது ஏறத்தாழ 14,700 அடி. 10 ஆயிரம் அடிக்கு இறங்க வேண்டும் என்றால் அங்கே காற்று இருக்காது, தரைதான் இருக்கும்! அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்களும் குறைவு. அதனால்தான் விமான நிறுவனங்கள் முடிந்தவரை இந்தப் பகுதியைத் தவிர்த்து, பக்கவாட்டில் சுற்றிப் போகின்றன.

ஆக, டெல்லியில் இருந்து கிளம்பும் விமானத்துக்கு நேர் வடக்கு அடைபட்டுவிட்டது. ஒன்று மேற்கே பாகிஸ்தான், மத்திய ஆசியா பக்கம் திரும்ப வேண்டும். இல்லை, கிழக்கே திரும்பி சீனா, ஜப்பான், பசிபிக் பக்கம் போக வேண்டும்.

2016-இல் நடந்தது என்ன?

ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானத்தைத் தொடங்கியது. அப்போது விமானம் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாகப் போனது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாக அனுப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. பயண நேரம் சுமார் பதினான்கரை மணி. பழைய வழியைவிட ஏறத்தாழ 2 மணி நேரம் குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பசிபிக் வழியில் 15,300 கிலோமீட்டரை பதினான்கரை மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு சுமார் 1,055 கி.மீ. அட்லாண்டிக் வழியில் 13,900 கிலோமீட்டரை பதினாறரை மணி நேரத்தால் வகுத்தால், சுமார் 840 கி.மீ. விமானம் அதேதான், இன்ஜினும் அதேதான். ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம்!

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. சுமார் 30 ஆயிரம் முதல் 40 ஆயிரம் அடி உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்காக ஆறு போல ஓடும் வேகமான காற்றோட்டம் உண்டு. இதற்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் சில இடங்களில் இதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஆற்றோட்டத்தோடு பரிசல் விடுவதற்கும், ஓட்டத்தை எதிர்த்து விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. துடுப்பு போடுகிற வேகம் ஒன்றுதான், கரை நகர்கிற வேகம் வேறு. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்கும் குறைவாக, 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

நேரம் மிச்சமானால் எரிபொருளும் மிச்சம். இந்தத் தடத்தில் பறக்கும் போயிங் 777 போன்ற பெரிய விமானம் மணிக்கு சுமார் 9,000 லிட்டர் எரிபொருள் குடிக்கும். இரண்டு மணி நேரம் குறைந்தால் எவ்வளவு லாபம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி: துருவம்

இன்னொரு வழியும் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஏர் இந்தியாவின் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானம் வட துருவப் பகுதி வழியாகப் பறந்தது. 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில், முழுக்கப் பெண் விமானிகளே இயக்கிய விமானம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வட துருவம் வழியாக பெங்களூரு வந்து சேர்ந்தது. அந்த இரு நகரங்களுக்கும் இடையே நேர் தூரமே 13,993 கி.மீ.

துருவ வழி தூரத்தில் சிக்கனம். ஆனால் அதற்கென்று தனிக் கவலைகள் உண்டு. விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். வெளியே அதைவிடக் குளிராக இருக்கலாம். அதனால் டேங்கில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் கொஞ்சம் கீழே இறங்குவார்கள் அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். அங்கே தகவல் தொடர்பு கிடைப்பதும் கடினம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, நடுவழியில் கோளாறு வந்தால் எங்கே இறங்குவது என்பதுதான்.

மகதான்: 232 பேர் காத்திருந்த ஊர்

இந்தக் கேள்விக்கு 2023 ஜூன் 6 அன்று ஒரு பதில் கிடைத்தது. டெல்லியில் இருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பிய ஏர் இந்தியா விமானத்தில் இன்ஜின் கோளாறு. 216 பயணிகள், 16 ஊழியர்களோடு அது ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதான் நகரில் பத்திரமாகத் தரையிறங்கியது.

இரண்டு இன்ஜின் விமானங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போய் இறங்கக்கூடிய விமான நிலையம் பாதை நெடுகிலும் இருக்க வேண்டும். இதைச் சுருக்கமாக 'இடாப்ஸ்' என்பார்கள். மகதான் போன்ற பெயர் தெரியாத ஊர்கள் எல்லாம் பாதைத் திட்டத்தில் இடம்பிடிப்பது இதனால்தான்.

விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் 232 பேரைத் தங்கவைக்க அந்த ஊரில் போதுமான ஹோட்டல் வசதி இல்லை. தற்காலிக இடங்களில்தான் பலர் தங்க வேண்டியிருந்தது. மும்பையில் இருந்து மாற்று விமானம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டது.

அந்த மாற்று விமானம் மகதானில் இருந்து ஜூன் 8 காலை 10.27-க்குக் கிளம்பியது. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது அதே ஜூன் 8, நள்ளிரவு 12.15-க்கு! நடுவில் சர்வதேச தேதிக்கோட்டைத் தாண்டியதால், கிளம்பிய நேரத்துக்கு 10 மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது போலக் கடிகாரம் காட்டியது. உண்மையில் பறந்தது கிட்டத்தட்ட 8 மணி நேரம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உக்ரைன் போருக்குப் பிறகு, 2022-இல் இருந்து அமெரிக்க விமான நிறுவனங்கள் ரஷ்யா மேல் பறக்க முடியாது. இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அந்தத் தடை வந்தபோது, அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தனது சான் பிரான்சிஸ்கோ - டெல்லி சேவையை நிறுத்திக்கொண்டது. அதே தூரம், அதே காற்று. ஆனால் விமானத்தின் வாலில் எந்த நாட்டுப் பதிவு எண் இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி திறக்கிறது அல்லது மூடுகிறது.

பாகிஸ்தான் வான்வெளி மூடியதால் என்ன ஆனது?

ரஷ்ய வான்வெளி விஷயத்தில் இந்திய நிறுவனங்களுக்குக் கிடைத்த சாதகம், பாகிஸ்தான் விஷயத்தில் அப்படியே தலைகீழானது. பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடுவதாக பாகிஸ்தான் அறிவித்தது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் பதிலுக்கு மூடியது. 'நோட்டாம்' எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பு மூலம் இரு நாடுகளும் மாதாமாதம் தடையை நீட்டித்து வந்தன.

கவனிக்க வேண்டியது, பாகிஸ்தானின் தடை இந்தியாவில் பதிவான, இந்திய நிறுவனங்கள் இயக்கும் அல்லது குத்தகைக்கு எடுத்த விமானங்களுக்கு மட்டும்தான். டெல்லியில் இருந்து லண்டன் போகும் ஒரு பிரிட்டிஷ் விமானம் பாகிஸ்தான் மேல் பறக்கலாம். அதே டெல்லியில் இருந்து அதே லண்டனுக்குப் போகும் இந்திய விமானம் தெற்கே அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். பக்கத்துப் பக்கத்து வாசலில் நின்று கிளம்பும் இரண்டு விமானங்களுக்கு இரண்டு வேறு பயண நேரம்!

வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப வியன்னா போன்ற இடங்களில் நின்று போக வேண்டியதாயிற்று. இண்டிகோ நிறுவனம் டெல்லியில் இருந்து அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை நிறுத்தியது. சுற்றிப் போனால் அதன் சிறிய விமானங்களால் அங்கே எட்ட முடியாது. 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி - வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியது. விமானங்கள் பற்றாக்குறையோடு, பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டதையும் அது காரணமாகச் சொன்னது.

நஷ்டம் யாருக்கு?

இரண்டு பக்கமும்தான். ஒரு நாட்டின் மேல் பறந்தால் அந்த நாட்டுக்கு விமான நிறுவனம் கட்டணம் கட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் டோல் கட்டுவது போல. வான்வெளியை மூடினால் அந்த வருமானம் போய்விடும். 2025 ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரை சுமார் 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் வருவாய் இழப்பு என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இந்தியப் பக்கம் பார்த்தால், 2019-இல் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் சுமார் ஐந்து மாதம் வான்வெளியை மூடியது. அப்போது ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று மாநிலங்களவையில் அரசு சொன்னது. 2025-இல் மூடியது அதைவிட நீண்ட காலம்.

சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் ராணுவக் கட்டுப்பாட்டில் உள்ள வான்வெளி வழியாகப் பறக்க அனுமதி வாங்கித் தரும்படி ஏர் இந்தியா மத்திய அரசை வலியுறுத்துவதாக 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மேற்கே கதவு அடைத்தால் வடக்கே ஜன்னலாவது திறக்குமா என்று பார்க்கிற நிலை அது.

சுற்றிப் போனால் கொஞ்சம் நேரம்தானே கூடும்?

நேரம் மட்டும் கூடினால் பரவாயில்லை. நீண்ட தூர விமானத்தில் எரிபொருளே பெரிய சுமை. ஒரு மணி நேரம் கூடுதலாகப் பறக்க அதிக எரிபொருள் ஏற்ற வேண்டும். அந்த எடையைத் தூக்கிக்கொண்டு பறக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் செலவாகும். எடை வரம்பைத் தொட்டுவிட்டால், சரக்கைக் குறைக்க வேண்டும் அல்லது சில இருக்கைகளைக் காலியாக விட வேண்டும்.

விமானிகளுக்கும் பணி நேர வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கூடுதல் விமானிகள் தேவை. எல்லாம் சேர்ந்து கடைசியில் டிக்கெட் விலையில்தான் வந்து நிற்கும்.

பயணிகள் கவனிக்க வேண்டியது என்ன?

சென்னையில் இருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. கலிஃபோர்னியாவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் டெல்லி, துபாய், தோஹா, பிராங்க்பர்ட், சிங்கப்பூர் என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். எனவே இந்த வான்வெளிச் சண்டைகள் எல்லாம் டெல்லிக்காரர்கள் பிரச்சினை மட்டும் இல்லை.

முதலாவது, டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிடக் கூடாது. இரண்டும் உள்ளூர் நேரம். அமெரிக்காவில் கோடைக்கால நேரம் இருக்கும்போது சான் பிரான்சிஸ்கோ நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம். உதாரணத்துக்கு, கோடையில் அதிகாலை 3 மணிக்கு டெல்லியில் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், அங்கே இறங்கும்போது அதே நாள் காலை 6.30. மூன்றரை மணி நேரப் பயணம் போலத் தெரியும், ஆனால் அம்மாவும் அப்பாவும் 16 மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது, 'நான்-ஸ்டாப்' வேறு, 'டைரக்ட்' வேறு. நான்-ஸ்டாப் என்றால் நடுவில் எங்கேயும் இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது, ஆனால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். புக் செய்யும்போது 'ஸ்டாப்' என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, சென்னை - டெல்லி டிக்கெட்டையும் டெல்லி - அமெரிக்கா டிக்கெட்டையும் தனித்தனியாக எடுப்பதில் ரிஸ்க் அதிகம். ஒரே பி.என்.ஆரில் எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் பொதுவாக அந்தச் செலவு நம் தலையில்தான்.

நான்காவது, உடல்நலம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆரோக்கியமானவர்களுக்கு இது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கும், எனவே பயப்படத் தேவையில்லை. ஆனால் வயதானவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். விமானத்தில் இடையிடையே எழுந்து நடப்பதும், கணுக்காலை மடக்கி நீட்டுவதும் உதவும்.

ஐந்தாவது, கிளம்பும் நாளில் விமான எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் போவது. 2025 ஜூன் 13 அன்று ஈரான் வான்வெளி திடீரென மூடப்பட்டபோது, நடுவானில் இருந்த பல இந்திய விமானங்கள் திரும்பி வர வேண்டியிருந்தது. காலையில் திறந்திருந்த வழி மாலையில் மூடியிருக்கலாம்.

மொத்தத்தில், டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே உள்ள 12,400 கி.மீ மாறப்போவதில்லை. மலையும் மாறாது. காற்று பருவத்துக்குப் பருவம் மாறும், அதை முன்கூட்டியே கணிக்கவும் முடியும். கணிக்க முடியாமல் இருப்பது எந்த நாடு எப்போது யாருக்கு வழியை மூடும் என்பதுதான். அடுத்த முறை பயண நேரம் திடீரென்று ஒன்றரை மணி நேரம் கூடியிருந்தால், விமானம் மெதுவாகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். எங்கோ ஒரு வான்வெளி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.